மஞ்சள் சட்டை

"மாமா, நீங்க இப்ப ஓட்டுச் சீட்டை ஃப்ரிட்ஜுக்குக் காட்டிட்டு இருக்கீங்க."

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த மாமனாரோ, ஒரு காகிதத்தை விரித்துப் பிடித்தபடி ஃப்ரிட்ஜைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து இதே ஒத்திகைதான்.

அன்று மேல்சபைத் தேர்தல். அதில் சட்டசபை உறுப்பினர்கள் மட்டும்தான் ஓட்டுப் போடுவார்கள். மாமனார் ஓர் உறுப்பினர், மாப்பிள்ளை வேட்பாளர். சீட்டில் குறித்ததும் அதைத் தன் கட்சி ஏஜெண்டிடம் விரித்துக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். தப்பித் தவறி அடுத்த கட்சி ஏஜெண்டிடம் காட்டினால் அந்த ஓட்டு செல்லாது. ஜெயிக்கத் தேவையான ஓட்டு கட்சியிடம் கூடாமல் குறையாமல் இருந்தது. ஒன்று உதிர்ந்தாலும் மாப்பிள்ளையின் கனவு அம்பேல்.

"கடைசியா சொல்றேன். உள்ள ரெண்டு மேஜை இருக்கும். இடது பக்கம் நம்ம ஆளு. உங்களுக்காகத்தான் அவனுக்கு மஞ்சச் சட்டை வாங்கி மாட்டி விட்டிருக்கேன். மஞ்சளாவது தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கிறேன் மாப்ள. கிட்ட வச்சா சீட்டைக்கூடப் படிச்சிடுவேன். தள்ளி நின்னாத்தான் எல்லாரும் ஒரே கலங்கலா இருக்காங்க."

"கண்ணுதான் போச்சு, மூளையும் சேர்ந்து போச்சா?"

"அப்பாவை அப்படிப் பேசாதீங்க" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"உங்கப்பா ஒழுங்கா காட்டினா நான் ஏன் பேசறேன்?"

உண்மையைச் சொன்னால், இந்த இடம் மாமனாருக்கு வரவேண்டியது. கட்சிக்கு உழைத்தே தேய்ந்த மனிதர். கடைசி காலத்தில் மேல்சபையில் போய் உட்கார வேண்டும் என்பதுதான் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை. தலைவரும் சரி என்றிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அவருக்குக் கண்ணில் ஆபரேஷன். கொஞ்ச நாள் மங்கலாக இருக்கும் என்றார் டாக்டர். அதை, "ரெண்டு கண்ணும் சுத்தமாப் போயிடுச்சு, இனிமே தேறாது" என்று தலைவர் காதில் போட்டவர் நம் மாப்பிள்ளை. கட்டுப் பிரிப்பதற்குள் இடம் கைமாறிவிட்டது. "உங்க மாப்பிள்ளை எல்லாம் சொன்னார், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று தலைவரே மாமனாருக்குப் போன் போட்டு ஆறுதலும் சொன்னார்.

அதற்கப்புறம் மாமனார் நிஜமாகவே சுவரைத் தடவித் தடவி நடக்க ஆரம்பித்தார். பரவாயில்லை, நாம் சொன்னது பொய்யில்லை என்று மாப்பிள்ளை நிம்மதியானார். மனசாட்சி என்று ஒன்று இருந்திருந்தால் அதுவும் நிம்மதியாகியிருக்கும்.

சட்டசபைக் கட்டடத்தின் தாழ்வாரத்தை அப்போதுதான் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமனாரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவசரமாக நடந்த மாப்பிள்ளை, நடுவழியில் இருந்த வாளியில் இடித்து, முழங்கால்வரை அழுக்குத் தண்ணீரை வாங்கிக்கொண்டார். பின்னால் வந்த மாமனார் நனையாமல் சுற்றி வந்து நின்றார்.

"என்ன மாப்ள சத்தம்?"

"ஒண்ணுமில்ல, வாங்க."

கதவோரம் நின்று மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். மாமனார் மறைப்புக்குள் போனார். மூக்கில் உரசுகிற மாதிரி சீட்டைப் பிடித்துக் குறித்தார். வெளியே வந்து, சொல்லிக் கொடுத்தபடியே இடது பக்கம் திரும்பினார். மஞ்சள் சட்டைக்காரன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாமனார் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு, திசை குழம்பியவர்போல் அப்படியே வலது பக்கம் திரும்பி, தட்டுத் தடுமாறிப் போய், எதிர்க்கட்சி ஏஜெண்டின் முகத்துக்கு நேரே சீட்டை விரித்தார்.

"சரியா இருக்கா தம்பி?"

"ரொம்பச் சரியா இருக்குங்கய்யா" என்றான் அவன், வாயெல்லாம் பல்லாக.

ஓட்டு செல்லாது என்று தேர்தல் அதிகாரி அங்கேயே அறிவித்தார். சாயங்காலம் எண்ணி முடித்தபோது மாப்பிள்ளை ஒரே ஒரு ஓட்டில் தோற்றிருந்தார்.

மாமனாரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவர் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். வாங்கிக் கட்டிக்கொண்டது மாப்பிள்ளைதான். போனில் தலைவர் கத்தியது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

"கண்ணு தெரியாத மனுஷனை நான் என்னன்னு கேக்கறது? சுத்தமாப் போயிடுச்சுன்னு வந்து சொன்னதே நீதானேய்யா! இனிமே என் வீட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே."

கூட்டம் கலைந்துவிட்டது. பெஞ்சில் மாமனாருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு விசும்பல்கூட வெளியே வரவில்லை. கண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் இறங்கி மோவாயில் நின்றது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவா போகிறது என்று அவர் அதை மறைக்கவும் இல்லை.

மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மாப்பிள்ளையின் காதோரம் குனிந்தார்.

"கண்ணைத் துடைச்சுக்கங்க மாப்ள. அதோ, அந்தக் கடைசித் தூணுக்குப் பின்னால நின்னு ஒருத்தன் போட்டோ எடுக்கறான்."