கணக்குப்படி கிழிய வேண்டியவள்

தலைமுடியைவிட மெல்லிய டைட்டானியத் தகட்டுப் பெண் ஒருத்தியை ஒரு பெரிய குழாயின் வாயில் ஜன்னலாகப் பூட்டியிருந்தார்கள். குழாய்க்குள் இருக்கும் காற்றையெல்லாம் பம்பு உறிஞ்சப் போகிறது. அவளைச் சுற்றிப் பிடித்திருந்த இரும்பு வளையம் கணக்குத்தாளை வாசித்தது.

"வெளிக்காற்று அழுத்தினா நீ கிழிஞ்சிடுவ தங்கச்சி. கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"அது யாருக்குப் போட்ட கணக்கு, அண்ணே?"

"என்னை மாதிரி தடிச்சவங்களுக்கு, வளையாதவங்களுக்கு. நீயும் வளையாம நில்லு. அதுதான் முறை."

பம்பு ஓடியது. கடலே சாய்வதுபோல் காற்று அவள்மேல் சாய்ந்தது. விறைத்து நின்று பார்த்தாள். வளையம் பிடித்திருந்த விளிம்பில் உயிர்போகும் வலி. யாருக்கோ போட்ட கணக்குக்காக நான் ஏன் சாக வேண்டும் என்று கோபம் வந்தது. உடம்பைத் தளர்த்தினாள். காற்று நிறைந்த கப்பற்பாய்போல் மெல்ல உள்பக்கமாகக் குழிந்தாள். விளிம்பு வலி உடம்பெங்கும் பரவி, இதமான ஓர் இழுப்பாக மாறியது. அந்தக் குழிவில் காற்று மேகம்போல் படுத்துக்கொண்டது.

பம்பு வேலையை முடித்ததும் வளையம் தாளை மறுபடி பார்த்து முகம் சுளித்தது.

"இதன்படி நீ இப்போ உயிரோட இல்லை."

"அப்போ யார்கூட அண்ணே இவ்வளவு நேரமா வாயாடிக்கிட்டு இருக்கீங்க?"