வீட்டுத் துபாஷி

வெல்டருக்குப் பிழைக்க வந்த வெளிநாட்டில் அந்த ஊர் பாஷையில் தெரிந்தது நாலைந்து வார்த்தைதான். அத்தனையும் ஃபோர்மேன் முதுகுக்குப் பின்னால் சொல்பவை. பள்ளிக்கூடத்தில் செல்லாது.

"பேச்சைப் பெயர்த்துச் சொல்ல ஆள் தரட்டுமா?" என்று, மகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்ட பள்ளியில் கேட்டதற்கு, "வீட்லயே ஒண்ணு வச்சிருக்கேன்" என்று மகளைக் காட்டிவிட்டார்.

குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலி. முழங்கால் தாடையில் இடித்தது. வேலைக்குப் போயிருந்த மனைவியும் கேட்கட்டுமே என்று செல்போனில் பதிவைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் தணிந்த குரலில் நீளமாக ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"நான் கிளாஸ்ல வாயே திறக்கறதில்லையாம்ப்பா."

"இவ்வளவு நேரம் பேசினது இத்தனூண்டா?"

"அவ்வளவுதாம்ப்பா."

வெல்டர் எழுந்து கைகூப்பினார்.

"டீச்சர், நீங்க தெய்வம் மாதிரி. கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைத் தோலை உரிச்சுடுங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். அடியாத மாடு படியாது. வீட்ல நான் குடுக்கறது இவளுக்குப் பத்தல. ம், சொல்லு!"

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சின்னதாக ஏதோ சொன்னாள்.

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. வெல்டர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

தோலை உரிக்கச் சொன்னவனுக்கா இந்தக் குலுக்கல்? வெல்டருக்கு உறுத்தியது.

வாசலில் மகளைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னதை அப்படியே சொன்னியா?"

"சொன்னேம்ப்பா."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

பார்க்கவில்லை. போதாதா? வீட்டுக் கதவைச் சாத்தியதும் முதுகில் ரெண்டு வைத்தார். "படிக்க அனுப்பினா பொய்யா கத்துக்கிட்டு வர்ற? அப்பன்கிட்டயே!"

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கிரேன் ஓட்டும் அண்ணனைத் தேடிப் போனார். நம்ம ஆள், அந்த ஊர் பாஷை அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

"அண்ணே, கழுதை என்ன புளுகியிருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. பாக்கி போடணும்."

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் செல்போனைக் காதில் வைத்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

"டீச்சரம்மா என்ன கேட்டிருக்காங்க தெரியுமா? 'பிள்ளை கையில தடிப்பு தெரியுது. வீட்ல அடிக்கறீங்களா? அடிக்கறது நெஜம்னா இன்னிக்கே ஆளைக் கூப்பிட்டு, பிள்ளையை உங்ககிட்டேருந்து பிரிச்சுப் பாதுகாப்பா வைக்கணும்.'"

வெல்டர் கையிலெடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தார்.

"அதுக்கு... அதுக்கு இவ என்ன சொன்னா?"

"இவ எங்க சொன்னா? எல்லாம் நீ சொன்னதாத்தான் இருக்கு. 'என் பொண்ணு மேல நான் கை ஓங்கினதே இல்ல டீச்சர். பொய் சொன்னா மட்டும் எனக்குப் பிடிக்காது.'"