தீவிலிருந்து திரும்பிய படகு

தீவுக்குப் போன அன்று ஒரு பறவைகூடப் பெரியவளின் கண்ணில் முதலில் படவில்லை. எல்லாம் அவள் ஓரகத்தியின் கண்ணில்தான் பட்டன. "அக்கா, அந்தப் பாறை இடுக்குல பாருங்க, குஞ்சுக்கு ஊட்டுது!" என்று சின்னவள் கை நீட்டியதுமே மொத்தக் குடும்பமும் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

"அவங்களுக்குக் கழுகுக் கண்ணுங்க," என்றார் வழிகாட்டி. பெரியவளின் கணவரும் ஆமாம் போட்டார். கட்டிய மனைவியை மெச்சி ஒரு வார்த்தை சொல்லியறியாத மனிதர். பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மாலையில் படகு கிளம்பியது. சின்னவள் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பைனாகுலரைக் கொஞ்சம் குடு," என்றதும் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தாள். இப்போதாவது ஒன்றைத் தானே முதலில் பார்த்துவிட வேண்டும் என்று பெரியவள் தீவின் கரையைத் துழாவினாள்.

பார்த்தாள். வெயிலில் சிவந்திருந்த பாறையின் உச்சியில், பறவைக் கூட்டத்துக்கு நடுவே சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் வீசி, தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் படகுவரை வரவில்லை.

பெரியவள் பைனாகுலரை இறக்கினாள். பக்கத்தில் இருந்தவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால், இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது தெரியுதா அண்ணி?" என்று எதிரே இருந்த கொழுந்தன் ஆசையாகக் கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா. வெறும் பறவைங்கதான்," என்றாள் பெரியவள். பைனாகுலரை உறைக்குள் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டாள்.