பின்னாடியும் தெரியணும்

"முன்னாடி எப்படியோ போகட்டும் ஹார்லன். எனக்குப் பின்னாடி நல்லாத் தெரியணும்!"

படகின் கூரைமேல் ரேடாரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஹார்லன் தலையைச் சொறிந்தான். அமெரிக்காவின் மெய்ன் கரையோரத்தில் அவன் ரேடார் மாட்டாத படகு குறைவு. பின்பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் வெர்னாதான்.

"பாறை முன்னாடிதானேக்கா இருக்கு? போன வருஷம் பனியில கறுப்புப் பாறையில மோதினானே லூதர், அவன் என்ன பின்னாடி போயா மோதினான்?"

வெர்னாவின் முகம் வாடிவிட்டது. லூதரின் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. இன்னொரு ஆளை அந்தப் பாறைக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் அவள் ரேடாரே வாங்கினாள்.

"எனக்குத் தெரியும். நீ மாட்டுற வழியைப் பாரு."

"விளக்குக் கம்பத்துக்கு முன்னால மாட்டினா, கம்பம் பின்பக்கத்தை மறைக்கும். உச்சியில மாட்டினா, இது சின்னப் படகு, தலை கனத்துப்போய் ஆடும்."

"கம்பத்தைப் பிடுங்கிப் போடு. அங்கே ஒரு பீடம் வை. விளக்கை ரேடார் தலையில மாட்டு."

"சரி. வேகமா போனா படகு மூக்கைத் தூக்கும், ரேடார் வானத்தைப் பார்க்கும். அதனால பீடத்துல ஒரு ஆப்பு வெச்சு, முன்பக்கமா கொஞ்சம் குனிய விடறேன்."

"ஆப்பு கூடாது! முன்னாடி குனிஞ்சா பின்னாடி நிமிரும். பனியில நான் வேகமா போறதே இல்ல."

பக்கத்துப் படகிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

"ஹார்லன்! கண்ணு தெரியலேன்னா வீட்டுல உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னச் சொல்லு அவளை. எனக்கெல்லாம் மூக்கு போதும். மோந்து பார்த்தே வீடு வந்து சேருவேன்."

எல்வுட், வெர்னாவின் கூடப்பிறந்த தம்பி. சிங்கி இறால் கூண்டை யார் எங்கே இறக்குவது என்று ஆரம்பித்த சண்டை, ஒருவர் கூண்டுக் கயிற்றை மற்றவர் அறுக்கிற வரை போய்விட்டது. அந்த ஊரில் கயிறு அறுபட்டவர் அறுத்தவரோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார். வருஷக்கணக்காக இருவருக்கும் பேச்சில்லை. படகுகள் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன.

"அந்த மூக்கைப் பாறையில உரசாம வரச் சொல்லு," என்றாள் வெர்னா, ஹார்லனைப் பார்த்தே. பிறகு ஞாபகம் வந்தவள் போலக் கேட்டாள். "ஆமா, மரப் படகு இதுல தெரியுமா?"

"கஷ்டம்க்கா. மரம் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பாது. கம்பத்து உச்சியில தகரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக் கட்டினா பளிச்சுன்னு தெரியும். யாரு கட்டுறா? எல்லாருக்கும் மூக்கு இருக்கே!" என்று எல்வுட் பக்கம் பார்த்துக் கத்தினான் ஹார்லன்.

மறுநாள் கூண்டு தூக்கப் போன வெர்னாவோடு, ரேடாரைச் சோதிக்க அவனும் போனான். திரும்பும்போது பனி இறங்கியது. கஞ்சிக்குள் விழுந்தது போல் ஆகிவிட்டது. படகின் மூக்கே தெரியவில்லை.

மாட்டுவதோடு ஹார்லனின் வேலை முடிந்துவிடும். இப்படி ஒரு பனிக்குள், தான் மாட்டிய ரேடாரை நம்பி அவன் உயிரைப் பணயம் வைத்ததில்லை.

திரையைப் பார்த்தான். ஒன்றுமே இல்லாத அந்த வெள்ளைக்குள் எல்லாம் இருந்தது. தீவு இருந்தது. கறுப்புப் பாறை நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. நேரே ஒரு சின்னப் புள்ளி. "மிதவை மணி," என்றாள் வெர்னா. சொல்லி வாய் மூடவில்லை, புள்ளி இருந்த அதே திசையில் டாண் என்று மணி அடித்தது. ஹார்லனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடவுள் இப்படித்தான் உலகத்தைப் பார்ப்பாரோ என்று தோன்றியது.

"தெரியுது... தெரியுதே!" என்றாள் வெர்னா. அவள் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, பின்னாடி ஏதோ வருது! எவ்வளவு பளிச்சுன்னு பாருங்க. நாம திரும்பின இடத்துல அதுவும் திரும்புது!"

அவள் வேகத்தைக் குறைத்தாள். புள்ளி நெருங்கியதும் மெல்ல நகர்ந்தாள். பாறை முனையில் அது தயங்க, இவளும் நின்றாள். அது வளைந்து தாண்டியதும்தான் மூச்சு விட்டாள்.

துறையில் கயிறு கட்டும்போது, பனியைக் கிழித்துக்கொண்டு அந்தப் புள்ளி வந்து சேர்ந்தது. அதில் எல்வுட் நின்றிருந்தான்.

"பார்த்தியா ஹார்லன்? மூக்குடா, மூக்கு!"

ஹார்லன் வாயைத் திறந்தான். வெர்னா அவன் கையை அழுத்தினாள்.

"மூச்சு விட்டே, கொன்னுடுவேன்," என்றாள் மெதுவாக. "இத்தனை நாளா அவன் இன்ஜின் சத்தத்தை வெச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன். காத்து மாறினா அதுவும் கேக்காது. என் பின்னாடியே வர்றது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, ரோஷத்துல நாளைக்குத் தனியா வருவான்."

ஹார்லன் தலையை ஆட்டினான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. எல்வுட்டின் படகு மரப் படகாயிற்றே?

பக்கத்தில் போய் நிமிர்ந்து பார்த்தான். நேற்று வெறுமையாக இருந்த கம்பத்தின் உச்சியில், கேக் சுடும் தகரத் தட்டுகள் இரண்டை வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகியிருந்தது.

"அது என்னண்ணே?"

"அதுவா?" எல்வுட் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கடல் காக்காய் தொல்லை தாங்கலை. அதை விரட்டத்தான்."

அந்தத் தகரத்தின் மேலேயே ஒரு கடற்காக்கை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.