அண்ணன் வண்டி இன்ஜின்

அண்ணன் வண்டியோடு பள்ளத்தில் உருண்டு செத்த பதினோராம் நாளே, சோலைமுத்து அந்த வண்டியின் புது இன்ஜினைக் கழற்றித் தன் பழைய பிக்கப்பில் ஏற்றினான்.

"பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் தம்பி," என்று அண்ணி மகாராணி கெஞ்சினாள்.

"இன்ஜினுக்கு என்ன கருமாதி வேண்டிக் கெடக்கு?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு, அண்ணன் வீடு திரும்பும் நேரத்தில், தாண்டிக்குடியில் அண்ணி வீட்டு வாசலைக் கடக்கும்போது இன்ஜின் தானாக அணைந்தது. மெக்கானிக்குக்குப் பழுது எதுவும் அகப்படவில்லை.

இன்று அண்ணி வெளியே வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க, சோறு ஆறுது."

சோலைமுத்து அசையவில்லை. வண்டி மட்டும், ஓர் ஆள் இறங்கினாற்போல, லேசாக ஆடி மேலெழுந்தது.

அண்ணி கதவைச் சாத்தினாள்.

"நாளைக்கும் நேரத்துக்குக் கொண்டாந்து விட்டுருங்க, தம்பி."