பெல்ட் போட்ட சத்தம்

சத்தத்தை வைத்தே காரின் கோளாறைச் சொல்லிவிடுவார் அந்த மெக்கானிக். அந்தக் காதை நம்பித்தான் அவர் பிழைப்பு. அன்று மகளே காரோடு வந்தாள்.

"பவர் ஸ்டியரிங்கைத் திருப்பினா கீச்சுன்னு காது கிழியுதுப்பா."

"முழுசாத் திருப்பு, பார்க்கலாம்."

திருப்பினாள். பானெட்டுக்குள் தலையை நீட்டிக் கேட்டார். இன்ஜின் உறுமல் மட்டும்தான்.

"ஒண்ணுமில்லையே! அப்பாவைப் பார்க்க வர ஒரு சாக்கு வேணுமாக்கும்?"

"விளையாடாதீங்கப்பா!" என்று மறுபடி திருப்பினாள்.

சிரித்தபடி டார்ச் அடித்தவருக்குத் திக்கென்றது. ஓரமெல்லாம் நார்நாராகப் பிரிந்த பெல்ட், வழுக்கித் துடித்துக்கொண்டிருந்தது. இந்த நிலையில் அது கீச்சிடாமல் இருக்கவே முடியாது.

நிமிர்ந்தார். எதிர்க்கடைக்காரர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றார். தெருவில் போனவர்களும்தான்.

அவருக்கு இப்போதும் உறுமல் மட்டுமே கேட்டது.

"இப்பவாவது கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சும்மா," என்றார்.