ஜன்னல் டம்ளர்

சளியில் இனிக் கிருமி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகும் வடிவின் டம்ளர் ஜன்னல் திண்டில் தனியாகத்தான் இருந்தது. மற்ற டம்ளர்களோடு அதைக் கவிழ்த்து வைக்க மாமியார் சொர்ணம் விடவில்லை. காசநோய் வந்த வீடு என்று எல்லோர் கையிலும் சோதனை ஊசி போட்டுவிட்டுப் போன நர்ஸ், இரண்டு நாள் கழித்துப் பார்க்க வந்தாள். சொர்ணத்தின் முன்கை மட்டும் சிவந்து தடித்திருந்தது.

“கிருமி உங்களுக்குள்ளயும் போயிருக்கும்மா. ஆனா உடம்பு அதச் சுத்தி வளைச்சு அடைச்சு வச்சிருக்கு. அன்னிக்கு எடுத்த எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல. நோயா மாறல, யாருக்கும் பரவாது.”

நர்ஸ் போனதும் சொர்ணம் முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

“வெளிய சொல்லிராதட்டி.”

வடிவு ஜன்னல் டம்ளரை எடுத்துக் காப்பியை ஊற்றினாள். இத்தனை மாதம் அண்ணாந்தே குடித்தவள், உதடு வைத்துப் பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினாள்.

“குடிங்க அத்தை.”

“எச்சியவா குடுக்க?”

“ஆமா. ரெண்டு பேருக்குள்ளயும் ஒரே கிருமிதான.”

முந்தானைக்குள் சொர்ணத்தின் கை அசைந்தது, வெளியே வரவில்லை. காப்பியில் ஆடை கட்டத் தொடங்கியது. நீட்டிய டம்ளரை வடிவு இறக்கவில்லை.